ஊசியா, ஆபரேஷனா, கவுன்சலிங்கா? முதலில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் குண்டு என்றால் இரண்டு பேர்: அண்ணனும் நானும். 2023 தொடக்கத்தில் அண்ணன் 131 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர். நான் 112 கிலோ, 160 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் அளவு) 44-ஐ ஒட்டி வரும். 40-ஐத் தொட்டாலே 'கடும் உடல்பருமன்' என்கிற கட்டத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலியில் நாங்கள் சேர்ந்து போன முதல் ஆஸ்பத்திரியில் இருவர் கையிலும் ஒரே நோட்டீஸ், ஒரே எடைக் குறைப்பு ஆபரேஷன், ஒரே பேக்கேஜ். "ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணிக்கிட்டா பில்லுல கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றும் சொன்னார்கள். ஆடித் தள்ளுபடிக்குப் போன மாதிரி இருந்தது.

நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று மட்டும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அண்ணன் தட்டில் சாப்பிடுகிறவன். மூன்று தடவை சோறு, அதற்கு மேல் மோர்ச்சோறு, எல்லார் முன்னாலும், ரசித்து. வயிறு நிறைந்தால் நிறுத்திவிடுவான். அந்த வயிறு நிறைய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்தால் அடுத்த வேளை வரைக்கும் சாப்பாட்டு நினைப்பே கிடையாது. நான் வேறு மாதிரி. ஊரார் பார்வையில் நான் இரண்டு இட்லிக்காரி. கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை விரிப்பேன். ராத்திரி பத்தரைக்கு மேல், எல்லாரும் தூங்கின பிறகு, லைட் போடாமல், பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே ஆரம்பிக்கும். மிச்சச் சோறு, தேங்காய்த் துருவலில் சீனி, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட், விருந்தாளி கொண்டுவந்த அல்வா. ருசி தெரியாது. நிறுத்த வேண்டும் என்று தெரியும், கை நிற்காது. காலையில் காலி பாக்கெட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையின் அடியில் திணிப்பேன்.

எடை இயந்திரத்துக்கு எங்கள் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே மருந்து இருவருக்கும் சரிவராது. நான் டாக்டர் இல்லை. மூன்று வருஷமாக இதையே படித்து, கேட்டு, செலவழித்து, உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவள். என் கட்சி இது: எந்த வழியில் எத்தனை கிலோ குறையும் என்ற பட்டியலை முதலில் பார்க்கக் கூடாது. சாப்பிடும் விதத்தையும், கண்ணாடி முன்னால் நிற்கும்போது நமக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாத் தீனியும் ஒன்றல்ல

குண்டாக இருப்பவர்கள் எல்லாரும் கட்டுப்பாடில்லாமல் தின்கிறவர்கள் என்பது ஊர் நினைப்பு. அப்படி இல்லை. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-இல் ஒரு வகையை எழுதிவைத்தார்: காலையில் பசிக்காது, ராத்திரிதான் தீனி, தூக்கமும் வராது. 1959-இல் இன்னொன்றை எழுதினார்: கொஞ்ச நேரத்துக்குள் ஏராளமாகத் தின்றுவிட்டு, பிறகு தன்னையே வெறுத்துக்கொண்டு உட்காருகிறவர்கள். இந்த இரண்டாவது வகை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில் தனி நோயாக ஏறுவதற்கு 2013 ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக, 'என் கை என் பேச்சைக் கேட்கவில்லை' என்ற உணர்வோடு நடந்தால் அது சோம்பேறித்தனமோ நாக்குச் சபலமோ இல்லை, நோய். எங்கள் ஆச்சி இதை 'அவக்கு அவக்குன்னு திங்கறது' என்பாள். நான் வெறித்தீனி என்றே எழுதுகிறேன்.

இதுபோக, கொறிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு வேளையிலும் அதிகம் இல்லை. ஆனால் காலை முதல் ராத்திரி வரை வாய் ஓய்வதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷனைப் பேசும்போது திரும்ப வரும்.

என் வெறித்தீனி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு டயட்டில் போய் முட்டுகிறது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று அம்மா பன்னிரண்டு வயதில் தொடங்கிய கொள்ளு ரசம், கல்லூரியில் வெள்ளரிக்காய், கல்யாணத்துக்கு முன் ஒரு வாரம் பழச்சாறு, பிறகு பேலியோ. ஒவ்வொன்றிலும் இறங்கினேன், ஒவ்வொன்றுக்கும் பிறகு முன்னைவிட ஏறினேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அதுவரை சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக யோசித்தே இராதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாட்டைக் கண்டார்கள். கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு சிலர் வயிறு வலிக்கத் தின்றும் திருப்தி வராமல் தவித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. அவர்கள் யாரும் குண்டர்கள் இல்லை, மன உறுதி இல்லாதவர்களும் இல்லை. பட்டினி போட்டால் யாருடைய தலையும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

கண்ணாடி

2009-இலிருந்து 2022 வரை எங்கள் வீட்டு ஆல்பத்தில் நான் இல்லை. போட்டோ எடுக்கிறவளாகவே இருந்துவிட்டேன். டெய்லரிடம் அளவு கொடுக்காமல் பழைய ரவிக்கையைக் கொடுத்து 'இதைவிடக் கொஞ்சம் லூஸா' என்பேன். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் நகர்கிற விதத்தைப் பார்ப்பேன். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை முதலில் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். ஒரு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தப் பட்டை என் கைக்குப் பற்றவில்லை. நர்ஸ் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்து ஒரு எண்ணை எழுதினார். (பட்டை சின்னதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.)

ஆண்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைத்திருந்தேன். அண்ணன் முருக பக்தன். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்குள் போக வேண்டும். வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவன் 2016-க்குப் பிறகு போகவில்லை. கேட்டால் "கூட்டமா இருக்கும்ல" என்பான். மதினிதான் ஒருநாள் சொன்னாள்: "கூட்டமாவது ஒண்ணாவது. அவங்களுக்குச் சட்டையக் கழத்த வெக்கமா இருக்கு தாயி."

இதை அழகு பற்றிய கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. தன் உடம்பை வெறுக்கிறவர் நடைப்பயிற்சிக்குப் போக மாட்டார், நீச்சலுக்குப் போக மாட்டார், டாக்டரிடம் மறுபரிசோதனைக்கும் போக மாட்டார். வெறுப்பு வந்த ராத்திரியில்தான் பிரிட்ஜும் திறக்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. எடைக்கும் இந்த வெறுப்புக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 140 கிலோவில் நிம்மதியாக இருப்பவரையும் பார்த்திருக்கிறேன், 85 கிலோவில் வீட்டைவிட்டு வெளியே வராதவரையும் பார்த்திருக்கிறேன். அதனால் எடை இறங்கினால் வெறுப்பும் தானாக இறங்கிவிடும் என்று எந்த வழியும் உத்தரவாதம் தர முடியாது.

சாப்பாட்டு ஒழுங்கும் மனநல ஆலோசனையும்

உணவு, உடற்பயிற்சி, தொடர் கண்காணிப்பு மட்டுமே வைத்து என்ன சாதிக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த லுக் அஹெட் ஆய்வு நல்ல அளவுகோல். சர்க்கரை நோய் உள்ள 5,145 பேர். அதில் பாதிப் பேருக்கு மிகத் தீவிரமான பயிற்சி. முதல் வருஷம் சராசரியாக 8.6 சதவீதம் எடை குறைந்தது. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து நின்றது 6 சதவீதம். என் 112 கிலோவுக்கு அது ஏழு கிலோகூட வராது. அதற்கே அவ்வளவு ஆட்கள் அவ்வளவு காலம் கூடவே இருந்தார்கள். பிஎம்ஐ 44-இல் இருப்பவரிடம் 'நடங்க, சோத்தைக் குறைங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புகிற டாக்டர் இதைத் தெரிந்துகொண்டு சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் வெறித்தீனிக்கு வந்தால் கதை மாறுகிறது. இதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிபிடி என்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் வெறித்தீனி உள்ள 125 பருமனானவர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆனபோது சிபிடி பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் வெறித்தீனியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். எடைக் குறைப்புப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதம். எடையைப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு சதவீதத்தைச் சுற்றியும் அதற்குக் கீழும்தான். அதாவது எடை இயந்திரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தோற்ற சிகிச்சை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் போன மருத்துவ உளவியலாளர் முதல் நாள் சொன்னது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது: "முதல்ல எடையைக் குறைக்க வேண்டாம். காலையில சாப்பிடுங்க. மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவை சின்னதா ஏதாவது. நாலு மணி நேரத்துக்கு மேல வயித்தக் காயப் போடாதீங்க." நோட்டில் எழுதச் சொன்னார், என்ன தின்றேன் என்பதைவிட அதற்கு அரைமணி முன்னால் என்ன நடந்தது என்பதைத்தான் அதிகம் கேட்டார். மூன்றாவது வாரமே நோட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. என் ராத்திரித் தீனிக்குக் காரணம் ராத்திரியில் இல்லை. காலையில் காப்பியோடு நிறுத்திவிட்டு, மதியம் ஆபீஸில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று பாதி டப்பாவை மூடிவைத்த பகலில் இருந்தது.

கண்ணாடிப் பயிற்சிதான் கஷ்டமானது. முழுக் கண்ணாடி முன் நின்று, தலையிலிருந்து கால்வரை, நல்லது கெட்டது என்ற சொல்லே இல்லாமல், வேறு யாருக்கோ போனில் விவரிக்கிற மாதிரி சொல்ல வேண்டும். 'அசிங்கமான கை' என்று சொல்லக் கூடாது. 'மேல்கை அகலமாக, கீழே மடிப்போடு' என்று சொல்லலாம். முதல் தடவை கழுத்துக்குக் கீழே போக முடியவில்லை.

குறைகள்: நெல்லை மாதிரி ஊரில் இதைச் செய்கிற ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நான் ஆறு தடவை நேரிலும் மீதியை வீடியோவிலும் முடித்தேன். தடவைக்கு 1,200 ரூபாய். ஏழு மாதத்தில் வாரத்துக்கு நாலைந்து ராத்திரி நடந்தது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. எடை 112-இலிருந்து 109. அம்மா எடையை மட்டும் கேட்டுவிட்டு, "இதுக்கா ஏட்டி இவ்வளவு ரூவா?" என்றாள்.

அண்ணன் மாதிரி தட்டில் சாப்பிடுகிறவருக்கு இந்தச் சிகிச்சையில் பெரிதாக எதுவும் இல்லை. அவனிடம் உடைக்க ஒரு சுழற்சி கிடையாது.

ஊசி

செமாக்ளூடைடு, டிர்செபடைடு. பேர் வாயில் நுழையாவிட்டாலும் இப்போது நெல்லை டவுன் மெடிக்கல் கடைவரை வந்துவிட்டன. வாரம் ஒரு ஊசி. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடை குறைந்தது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. 2022 ஆய்வில் டிர்செபடைடின் உச்ச அளவுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம்.

இது வயிற்றை மெதுவாகக் காலியாக்குவதோடு நிற்பதில்லை; தலையிலும் வேலை செய்கிறது. எனக்கு அதுதான் பெரிய அதிசயம். பிரிட்ஜில் அல்வா இருக்கிறது என்று தெரிந்தால் பொதுவாக அது என்னோடு பேசிக்கொண்டே இருக்கும். சீரியல் பார்க்கும்போதும், துணி மடிக்கும்போதும். இரண்டாவது மாதத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்ற பிறகுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது உறைக்குமே, அப்படி. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்களா, இவ்வளவு அமைதியிலா, என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம் வேறொன்று. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அலுப்பு, மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, ஆபீஸ் கவலை எல்லாவற்றையும் நான் தின்றுதான் கடந்திருக்கிறேன். இப்போது தின்னத் தோன்றவில்லை, கவலை அப்படியே நிற்கிறது. ஏழு மாத ஆலோசனை முன்னாலேயே நடந்திராவிட்டால் அந்த மாதங்களைத் தாண்டியிருப்பேனா தெரியாது. ஊசி வெறித்தீனிக்கும் உதவுகிறது என்று சில சின்ன ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் இவை அந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்துகள் இல்லை. பசி தெரியாததால் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும் ஆபத்தும் உண்டு. என்னைப் போன்றவருக்கு அது பழைய பள்ளத்துக்கே போகிற வழி. முன்பு எப்போதாவது தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொந்தரவுகள்: குமட்டல், மலச்சிக்கல், சிலருக்கு வாந்தி, பித்தப்பைக் கல். குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், நிறுத்தினால் திரும்பி வரும். செமாக்ளூடைடை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது என்று அந்த ஆய்வின் தொடர்ச்சியே சொல்கிறது. பிபி மாத்திரை மாதிரி தொடர்ந்து எடுக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். 2025 மார்ச்சில் டிர்செபடைடு, மௌஞ்சாரோ என்ற பேரில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. மாதத்துக்கு நாலு. தொடக்க அளவுக்கே 14,000 ரூபாய். எங்கள் வீட்டுக் கடன் தவணையைவிட அதிகம். செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் அந்தப் பக்கம் விலை நிலவரம் வேறு; வாங்கும் முன் இரண்டையும் விசாரியுங்கள்.

கண்ணாடியைப் பொறுத்தவரை ஊசிக்கு ஒரு சாதகம்: மெதுவாக இறங்குவதால் கண்ணுக்குப் பழக நேரம் கிடைக்கிறது. பாதகம், 'ஊசி போட்டுத்தானே' என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டாலும் நமக்குள்ளேயே ஒன்று சொல்லும்.

ஆபரேஷன்

இரண்டுதான் இங்கே பெரும்பாலும் நடக்கின்றன. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுவது. பைபாஸ் என்றால் மேலே சின்னப் பை ஒன்றைப் பிரித்து நேராகச் சிறுகுடலில் இணைப்பது. ஸ்லீவில் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கிறது. ஜப்பானில் 1999-இல்தான் அந்த ஹார்மோனையே கண்டுபிடித்தார்கள். அதனால் இது வெறும் இடக் குறைப்பு இல்லை. முதல் வருஷம் பலருக்குப் பசியே மறந்துபோகிறது.

நீண்ட காலக் கணக்கில் இதற்கு இணை இல்லை. 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் 2,010 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பைபாஸ் செய்தவர்கள் பத்து வருஷம் கழித்தும் சராசரி 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். செய்யாதவர்கள் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறப்பும் ஆபரேஷன் பக்கம் குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு எண்: அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில் முதல் முப்பது நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பூஜ்யம் இல்லை. அந்த ஆயிரத்தில் மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் என்பதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணனுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. வயிறு நிறைந்தால் நிறுத்துகிறவனுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்தால் போதும். 2023 ஆகஸ்டில் ஸ்லீவ் செய்தான். இரண்டு வாரம் திரவ உணவு, அப்புறம் கரைத்தது, மசித்தது. ஒரு இட்லிக்கு அரைமணி நேரம். பதினான்கு மாதத்தில் 131-இலிருந்து 92.

அப்போது நானும் படுத்திருந்தால்? ஒரே மூச்சில் அவ்வளவையும் தின்ன முடிந்திருக்காது, உண்மை. ஆனால் வெறித்தீனிக்காரரின் கை ஆபரேஷனுக்குப் பிறகு வேறு வழி கண்டுபிடிக்கிறது. ஒரே இருப்பில் முடியாததை நாள் முழுக்க, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கை. நான் சொன்ன கொறிப்பு இதுதான். கோழிக்கறியும் சோறும் அடைத்துக்கொள்ளும் சின்ன வயிற்றில், முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். உடம்புக்கு வேண்டியது உள்ளே போகாது, வேண்டாதது போகும். ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் 'கை நிற்காத' உணர்வு திரும்புகிறவர்களுக்கு எடை குறைவாகத்தான் இறங்குகிறது, திரும்ப ஏறவும் செய்கிறது. இதனால் வெறித்தீனி இருந்தால் ஆபரேஷனே கூடாது என்று அர்த்தமில்லை. அதை முன்னாலேயே கண்டுபிடித்து, சிகிச்சை கொடுத்து, பின்னாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு முன் உளவியலாளரைப் பார்க்கச் சொல்கிற ஆஸ்பத்திரியா என்பது என் முதல் அளவுகோல். நாங்கள் போன முதல் ஆஸ்பத்திரியில் அதற்கான கட்டத்தில் ஒரு டிக் மட்டும் போட்டார்கள்.

ஸ்லீவா பைபாஸா? பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் ஐந்து வருஷம் ஒப்பிட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டும், பைபாஸ் நல்லது. பைபாஸுக்குப் பிறகு இனிப்பை அதிகம் தின்றால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பே அடிக்கும். அந்தப் பயத்தில் அல்வாவை விட்டவர்கள் உண்டு. ஆனால் அடி எல்லாருக்கும் விழுவதில்லை, அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. குடிக்கிறவர் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும். 2012 அமெரிக்க ஆய்வில் குடிநோய் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதமாக இருந்து, இரண்டாவது வருஷத்தில் 9.6 ஆனது. கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைப் பார்த்த ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவது ஆபரேஷனுக்குப் பின் ஒன்றரை மடங்கானது. எண்ணிக்கையில் சின்னதுதான், ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவரைத் தனியே விட்டுவிடக் கூடாது என்பதற்குப் போதும்.

வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், டி மாத்திரைகள் ஆயுசுக்கும். குழந்தை வேண்டும் என்கிறவர்கள் ஒன்று, ஒன்றரை வருஷம் தள்ளிப்போட வேண்டும்.

பணம்: அண்ணனுக்கு எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்சூரன்ஸ் பற்றி ஒரு சிக்கல். இந்திய உடல்வாகுக்கு ஆபரேஷன் செய்ய 2009-இல் இங்குள்ள நிபுணர்கள் வகுத்த எல்லை, பிஎம்ஐ 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5. ஆனால் இன்சூரன்ஸ் பாலிசிகளில் உள்ள விதி 40. அல்லது இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவற்றோடு 35. ஆகவே 38-இல் வேறு நோயில்லாமல் இருப்பவரிடம் சர்ஜன் 'செய்யலாம்' என்பார், இன்சூரன்ஸ்காரர் 'முடியாது' என்பார். இருவருமே அவரவர் விதிப்படி சரி. ஊசிக்கும் ஆலோசனைக்கும் எங்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

இப்போது

நான் ஆலோசனையை முதலில் வைத்தேன், ஊசியை இரண்டாவதாக. ஊசி ஐந்து மாதமாகிறது, 98 கிலோ. வேறு வரிசையில் போயிருந்தால் ஒருவேளை இன்னும் குறைந்திருக்கலாம். பணம் நின்றால் ஊசியும் நிற்கும், அப்போது ஸ்லீவ் பற்றித் திரும்ப யோசிப்பேன். அதற்குள் ராத்திரிகள் என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கொறிப்புப் பழக்கம்தான் என்றால், ஊசியை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன், ஆபரேஷனைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். தட்டில் சாப்பிடுகிறவர், சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது, பிஎம்ஐ 40-க்கு மேல் என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அண்ணன் இப்போது 97. பழைய 4எக்ஸ்எல் சட்டைகளை மதினி அநாதை இல்லத்துக்குக் கொடுத்தபோது இரண்டை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டான். மண்டபத்தில் நாற்காலி வரிசைக்குள் இன்றும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறான். நேராகவே போகலாம், இடம் தாராளமாக இருக்கிறது. இப்படி எடை போன பிறகும் பழைய உடம்பையே உணர்வது பலருக்கு நடப்பதுதான் என்று உளவியலாளர் சொன்னார். வயிற்றிலும் மார்பிலும் தோல் மடிந்து தொங்குகிறது. அதை வெட்டி எடுக்கத் தனி ஆபரேஷன். அழகுச் சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸில் மறுத்துவிட்டார்கள். எத்தனை கிலோ குறையும் என்று படம் போட்டுக் காட்டிய ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

போன மாதம் போன் பண்ணினான். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகலாம் என்று இருக்கிறானாம். சட்டையைக் கழற்றின பிறகு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றால் ஏதும் சொல்வார்களா என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படியே, என் உளவியலாளர் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.